கூட்டம் இருக்கு, கோப்பை இருக்கு.. கதவு மட்டும் திறக்கலை! மலபாரில் ஒரு கால்பந்து கிளப் பிறந்து வளர்ந்த கதை

2022 நவம்பர். கத்தாரில் உலகக் கோப்பை தொடங்க இன்னும் சில நாட்கள். கேரளாவின் கோழிக்கோடு மாவட்டத்தில் புள்ளாவூர் என்ற சின்ன ஊர். அங்கே ஓடும் சிற்றாற்றின் நடுவே அர்ஜென்டினா ரசிகர்கள் சுமார் 30 அடி உயரத்தில் மெஸ்ஸி கட்அவுட்டை நிறுத்தினார்கள். பிரேசில் ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? அதைவிட உயரமாக நெய்மரை நிறுத்தினார்கள். அடுத்து ரொனால்டோவும் வந்து சேர்ந்தார். அந்தப் படத்தை ஃபிஃபாவே தன் சமூக வலைதளப் பக்கத்தில் பகிர, உலகம் முழுக்க பரவியது.

படத்தைப் பார்த்த எல்லோரும் நினைத்தது ஒன்றுதான். இவ்வளவு வெறி இருக்கிற ஊரில் ஒரு கிளப் ஆரம்பித்தால் பணம் கொட்டுமே!

நிஜம் வேறு மாதிரி. இதே மண்ணில் 2017-ல் தொடங்கப்பட்ட கோகுலம் கேரளா எஃப்.சி., ஐ-லீக் கோப்பையை அடுத்தடுத்து 2 முறை வென்றது. ஆனால் இந்தியாவின் முதல்நிலை லீக்கான ஐ.எஸ்.எல்.லுக்குள் நுழைய முடியவில்லை. ஏன்? கால்பந்துப் பாரம்பரியம் உள்ள பகுதியில் ஒரு தொழில்முறை கிளப் தொடங்குவதில் அப்படி என்ன சிக்கல்?

மலபாருக்கும் கால்பந்துக்கும் என்ன உறவு?

கோழிக்கோடு, மலப்புறம், கண்ணூர் உள்ளிட்ட வட கேரளப் பகுதிதான் மலபார். 1956-ல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்படும் வரை இது மெட்ராஸ் மாகாணத்தின் ஒரு மாவட்டம். மலப்புறத்தில் முகாமிட்டிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஆடியதைப் பார்த்து உள்ளூர்க்காரர்கள் பந்தை உதைக்கத் தொடங்கினார்கள். 1921 கிளர்ச்சியை ஒட்டி அங்கு மலபார் ஸ்பெஷல் போலீஸ் படை உருவானது. எம்.எஸ்.பி. என்று அழைக்கப்பட்ட அந்தப் படையின் கால்பந்து அணி அந்தக் காலத்தில் பெரிய பெயர் எடுத்தது.

கோழிக்கோட்டின் கதை வியாபாரிகளோடு சேர்ந்தது. அங்கு குடியேறிய குஜராத்தி வணிகக் குடும்பம் ஒன்றின் பெயரில் 1952-ல் சேட் நாக்ஜி கோப்பைப் போட்டி தொடங்கியது. நாட்டின் பெரிய அணிகளெல்லாம் அங்கே வந்து ஆடின. 1995-க்குப் பிறகு நின்றுபோன அந்தப் போட்டியை 2016-ல் வெளிநாட்டு அணிகளை அழைத்து மறுபடியும் நடத்தினார்கள். விளம்பரத் தூதராக வந்தவர் யார் தெரியுமா? ரொனால்டினோ! கோழிக்கோடு அன்றைக்கு ஸ்தம்பித்தது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காவது இடம் பிடித்தபோது அணியில் இருந்த டி.ஏ.ரஹ்மானும் இந்த ஊர்க்காரர்தான். 'ஒலிம்பியன் ரஹ்மான்' என்று சொன்னால்தான் அங்கு தெரியும்.

செவன்ஸ்: கூட்டமும் பணமும் புரளும் இடம்

மலபார் கால்பந்தைப் பற்றிப் பேசும்போது செவன்ஸை விட்டுவிட்டுப் பேச முடியாது.

ஒரு அணிக்கு 7 பேர். மைதானம் சின்னது. அறுவடை முடிந்த வயலிலோ பள்ளி மைதானத்திலோ மூங்கிலும் பாக்கு மரமும் கட்டி தற்காலிக கேலரி எழும்பும். ராட்சத விளக்குகள் போட்டு இரவில் ஆட்டம். மழை முடிந்த பிறகு தொடங்கி அடுத்த மழைக்கு முன்பு வரை சீசன். ஒரு ஊரில் போட்டி முடிந்தால் அடுத்த ஊரில் தொடங்கும். அணிகளின் பெயரைக் கேட்டாலே யார் காசு போடுகிறார்கள் என்று புரிந்துவிடும்: சூப்பர் ஸ்டுடியோ மலப்புறம், ராயல் டிராவல்ஸ் கோழிக்கோடு. நைஜீரியா, கானா போன்ற நாடுகளில் இருந்து வீரர்கள் வந்து சீசன் முழுக்க தங்கி ஆடுவார்கள். 2018-ல் வெளியான 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' மலையாளப் படம் இந்த உலகத்தைத்தான் காட்டியது.

டிக்கெட் விற்பனை, உள்ளூர்க் கடைகளின் விளம்பரம், வளைகுடாவில் வேலை பார்க்கிற ஊர்க்காரர்களின் நன்கொடை, கிடைத்த பணத்தில் ஒரு பங்கு ஊர் நல்ல காரியத்துக்கு. செவன்ஸின் கணக்கு இவ்வளவுதான். நஷ்டம் வந்தாலும் ஒரு சீசனோடு போகும்.

ஆனால் இது அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பின் கணக்கில் வராத ஆட்டம். விதிகள் வேறு, ஆட்டத்தின் வேகம் வேறு. 11 பேர் கொண்ட அணியில் 90 நிமிடம் ஆட வேறு உடல்தகுதி வேண்டும். தொழில்முறை கிளப்பில் ஒப்பந்தம் போட்ட வீரர் காயத்துக்குப் பயந்து செவன்ஸ் ஆடக்கூடாது என்பார்கள். ஐ.எம்.விஜயன், ஷரஃபலி முதல் ஆஷிக் குருணியன் வரை பலரும் செவன்ஸ் மைதானத்தில் கால் பதித்தவர்கள்தான் என்பதும் உண்மை.

புதிதாக கிளப் தொடங்குகிறவர் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 'ஊரே கால்பந்துப் பைத்தியம்' என்பது சரிதான். ஆனால் அந்த ஊருக்கு இரவு நேரப் பொழுதுபோக்கு ஏற்கெனவே இருக்கிறது. வீட்டுப் பக்கத்திலேயே, தெரிந்த முகங்களோடு, குறைந்த டிக்கெட்டில். பக்கத்து ஊர் செவன்ஸை விட்டுவிட்டு ரசிகர் ஏன் பஸ் பிடித்து நகரத்து ஸ்டேடியத்துக்கு வர வேண்டும்? இதற்குப் பதில் சொல்லத் தெரியாத கிளப் நிலைக்காது.

இதற்கு முன்பு யாரும் முயற்சி செய்யவில்லையா?

செய்தார்கள். மூடியும் விட்டார்கள்.

கேரளாவில் நீண்ட காலம் கால்பந்து என்றால் அரசுத் துறை அணிகள்தான். கேரளா போலீஸ், மின்வாரியம், எஸ்.பி.டி. வங்கி என்று வேலை கொடுத்து ஆட வைத்த அணிகள். வி.பி.சத்யன், ஐ.எம்.விஜயன், சி.வி.பாப்பச்சன், ஷரஃபலி ஆடிய கேரளா போலீஸ் அணி 1990-லும் 1991-லும் ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. அடுத்து என்ன ஆனது? விஜயன், சத்யன் போன்றவர்களை கொல்கத்தா கிளப்புகள் அழைத்துக்கொண்டன. அரசுச் சம்பளம் அந்தப் போட்டியில் நிற்க முடியவில்லை.

1997-ல் கொச்சியில் பிறந்தது எஃப்.சி.கொச்சின், கேரளாவின் முதல் தொழில்முறை கிளப். ஐ.எம்.விஜயன், ஜோ பால் அஞ்சேரி என்று நட்சத்திரங்களை அள்ளிக்கொண்டு வந்தார்கள். முதல் ஆண்டிலேயே டியூராண்ட் கோப்பை இறுதிப் போட்டியில் மோகன் பகானை 3-1 என வீழ்த்தினார்கள். 1997-98 தேசிய லீக்கில் அதிக கோல் அடித்தவர் இந்த அணிக்காக ஆடிய தமிழ்நாட்டு வீரர் ராமன் விஜயன். அடித்தது 10 கோல். இத்தனை இருந்தும் பணப் பிரச்சினை கழுத்தை நெரித்தது. 2002-ல் கிளப் மூடப்பட்டது.

அடுத்து விவா கேரளா. ஐ-லீக் வரை வந்தது. 2011-ல் கை மாறி சிராக் யுனைடெட் கேரளா ஆனது. 2012-ல் அதுவும் இல்லை.

இந்த இரண்டு கிளப்புகள் இருந்த காலத்திலும் செவன்ஸ் கேலரிகள் நிரம்பித்தான் இருந்தன. கேரளா சந்தோஷ் டிராபியை 2001, 2004 என்று வென்றுகொண்டுதான் இருந்தது. ரசிகர்களுக்கோ திறமைக்கோ குறைவில்லை. மாதா மாதம் சம்பளம் போட ஆள் இல்லை.

2014-ல் ஐ.எஸ்.எல். வந்தபோது சச்சின் டெண்டுல்கர் பங்குதாரராக கேரளா பிளாஸ்டர்ஸ் தொடங்கியது. 'மஞ்ஞப்படா' ரசிகர் கூட்டம் கொச்சி கலூர் ஸ்டேடியத்தை நிரப்பியது. ஆனால் அது கொச்சி. மலப்புறத்து ரசிகர் அங்கே போய் ஆட்டம் பார்த்துத் திரும்ப ஒரு நாள் போய்விடும். மலபாருக்கு என்று ஒரு கிளப் இல்லை.

2017: சீட்டு நிறுவனம் தொடங்கிய கிளப்

அந்த இடத்துக்குத்தான் வந்தார் கோகுலம் கோபாலன். வடகரைக்காரர். ஆனால் தொழிலில் வளர்ந்தது சென்னையில். ஸ்ரீ கோகுலம் சிட்ஸ் நிறுவனத்தின் தலைமையகம் இன்றும் சென்னைதான். 'பழசிராஜா' படத்தைத் தயாரித்தவர் என்று சொன்னால் சினிமா ரசிகர்களுக்குச் சட்டெனப் புரியும்.

2017 தொடக்கத்தில் கோகுலம் எஃப்.சி. என்ற பெயரில் மலப்புறத்தில் அணி உருவானது. ஐ-லீக்கில் புதிய அணிகளைச் சேர்க்க கூட்டமைப்பு விண்ணப்பம் கேட்டபோது கோகுலமும் போட்டது. நேரடி இடம் கிடைத்தது. பெயரில் 'கேரளா' சேர்ந்தது. சொந்த மைதானம் கோழிக்கோடு இ.எம்.எஸ். கார்ப்பரேஷன் ஸ்டேடியம். 'மலபாரியன்ஸ்' என்று செல்லப் பெயர். ரசிகர் கூட்டத்துக்கு 'பட்டாலியா' என்று பெயர்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். அதே 2017-ல் ஐ.எஸ்.எல்.லும் இரண்டு புதிய அணிகளைச் சேர்த்தது: பெங்களூரு எஃப்.சி., டாடாவின் ஜாம்ஷெட்பூர். அந்தக் கதவு வழியாகப் போக வேண்டுமானால் ஆண்டுதோறும் பல கோடி ரூபாய் பிரான்சைஸ் கட்டணம் கட்ட வேண்டும். ஐ-லீக்கில் அந்தச் சுமை இல்லை. குறைந்த செலவில் தொடங்கி, ஆட்டத்தால் மேலே ஏறலாம் என்பது கணக்கு. கணக்கு சரி. ஏணிதான் அப்போது இல்லை. ஐ-லீக்கில் முதலிடம் பிடிக்கிற அணிக்கு ஐ.எஸ்.எல். இடம் என்ற விதியே அன்றைக்கு கிடையாது.

ஒரு கிளப்புக்கு எங்கிருந்து பணம் வரும்? எதற்குப் போகும்?

செலவுப் பக்கம் நீளமானது. வீரர்கள், கோச், பிசியோ சம்பளம். காஷ்மீரில் ஒரு ஆட்டம், மணிப்பூரில் அடுத்த ஆட்டம் என்று விமானப் பயணம், ஹோட்டல். ஸ்டேடியம் கிளப்புடையது இல்லை, கோழிக்கோட்டில் மாநகராட்சியுடையது. வாடகை, விளக்கு, பாதுகாப்பு, ஆம்புலன்ஸ் எல்லாம் ஆட்டத்துக்கு ஆட்டம் கணக்கு. கூட்டமைப்பின் கிளப் லைசென்ஸ் வாங்க சிறுவர் அணிகள், தகுதி பெற்ற பயிற்சியாளர்கள், மருத்துவ வசதி, தணிக்கை செய்த கணக்கு என்று பட்டியல் இருக்கிறது. ஒன்று குறைந்தாலும் கேள்வி வரும்.

வரவு? டிக்கெட், ஜெர்சி விற்பனை, ஸ்பான்சர், கூட்டமைப்பு தரும் உதவித்தொகை, நல்ல வீரரை வேறு கிளப்புக்கு விற்றால் கிடைக்கும் தொகை. ஐரோப்பாவில் கிளப்புகளைத் தாங்கிப் பிடிப்பது டி.வி. ஒளிபரப்புப் பணம். ஐ-லீக்கில் அப்படி ஒன்று பெயருக்குக்கூட இல்லை. ஆக, பள்ளம் விழுகிற இடத்தை எல்லாம் உரிமையாளர் தன் சொந்தப் பணத்தால் மூட வேண்டும். கோகுலம் கேரளா தாங்கி நின்றதற்குப் பெரிய காரணம் பின்னால் ஒரு பெரிய குழுமம் இருந்ததுதான். ஜெர்சியில் கோகுலம் பெயர் இருந்தால் அது சீட்டுக் கம்பெனிக்கும் விளம்பரம். செவன்ஸில் டிராவல்ஸ்காரரும் ஸ்டுடியோக்காரரும் செய்கிற அதே வேலைதான், பெரிய அளவில்!

இது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். சென்னை சிட்டி எஃப்.சி. கோவை நேரு ஸ்டேடியத்தை சொந்த மைதானமாக வைத்து 2018-19 ஐ-லீக் கோப்பையை வென்றது. தமிழ்நாட்டுக்குக் கிடைத்த முதல் ஐ-லீக் பட்டம் அது. 2020-21 சீசனுக்குப் பிறகு அந்த அணி ஐ-லீக்கிலேயே இல்லை.

களத்தில் என்ன நடந்தது?

முதல் சீசனில் கோச் பினோ ஜார்ஜின் கீழ் ஆடிய கோகுலம், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என இரண்டு கொல்கத்தா ஜாம்பவான்களையும் தோற்கடித்து திரும்பிப் பார்க்க வைத்தது. 2019 ஆகஸ்டில் டியூராண்ட் கோப்பை. அரையிறுதியில் ஈஸ்ட் பெங்காலை பெனால்டி ஷூட்அவுட்டில் வென்றார்கள். கோல் கீப்பர் உபைத் அந்த ஆட்டத்தின் ஹீரோ. முன்பு அவர் ஆடியது இதே ஈஸ்ட் பெங்காலுக்குத்தான்! இறுதியில் மோகன் பகானுக்கு எதிராக 2-1. இரண்டு கோலும் டிரினிடாட் வீரர் மார்கஸ் ஜோசஃப் அடித்தது. 1997-ல் எஃப்.சி.கொச்சின் வென்ற பிறகு கேரளாவுக்கு வந்த டியூராண்ட் கோப்பை அது. இடையில் 22 ஆண்டுகள்.

அடுத்து ஐ-லீக். கொரோனா காரணமாக 2020-21 சீசன் முழுவதும் மேற்கு வங்கத்தில் பயோ பபுளுக்குள் நடந்தது. கடைசி நாளான மார்ச் 27 அன்று கோகுலம், சர்ச்சில் பிரதர்ஸ், மணிப்பூரின் டிராவ் என 3 அணிகளும் தலா 26 புள்ளி. கோகுலத்துக்கு எதிரில் நின்றது டிராவ். 70-வது நிமிடம் வரை கோகுலம் 0-1 எனப் பின்தங்கியிருந்தது. அதன் பிறகு நடந்ததை ரசிகர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். ஆப்கானிஸ்தான் வீரர் ஷரீஃப் முகமது ஃப்ரீகிக்கில் சமன் செய்தார். எமில் பென்னி ஒன்று, டென்னிஸ் அன்ட்வி ஒன்று. 7 நிமிடத்துக்குள் 3 கோல்! கடைசியில் ரஷீத் இன்னொன்று. 4-1. கேரளாவுக்கு முதல் ஐ-லீக் பட்டம்.

2021-22 சீசனும் கொல்கத்தா பக்கமே நடந்தது. இத்தாலிய கோச் வின்சென்சோ அனேசேயின் அணி, ஐ-லீக்கில் தொடர்ந்து 21 ஆட்டங்கள் தோற்காமல் சாதனை படைத்தது. 2022 மே 14, சால்ட் லேக் ஸ்டேடியம். எதிரணி முகமதன் ஸ்போர்ட்டிங். கேலரி முழுக்க முகமதன் ரசிகர்கள். ரிஷாத்தும் எமில் பென்னியும் கோல் அடிக்க 2-1. ஐ-லீக் பட்டத்தை அடுத்த ஆண்டும் தக்கவைத்த முதல் அணி கோகுலம். நான்கே நாளில் அதே மைதானத்தில் ஏ.எஃப்.சி. கோப்பை ஆட்டத்தில், ஐ.எஸ்.எல். அணியான ஏ.டி.கே. மோகன் பகானை 4-2 என நொறுக்கினார்கள். தொடர்ந்து மாலத்தீவின் மாசியாவிடமும் வங்கதேசத்தின் பசுந்தரா கிங்ஸிடமும் தோற்று வெளியேறியது தனிக் கதை.

ஊர்க் கூட்டத்தை நம்பித் தொடங்கிய கிளப் இது. ஆனால் இரண்டு பட்டங்களையும் ஊர்க்காரர் யாரும் மைதானத்தில் உட்கார்ந்து பார்க்கவில்லை. கோப்பை தூக்கிய நேரத்தில் கோழிக்கோட்டில் ரசிகர்கள் கையில் இருந்தது செல்போன்தான். அதே மே மாதம் 2-ம் தேதி மலப்புறம் மாவட்டம் மஞ்சேரி பய்யநாடு ஸ்டேடியத்தில் சந்தோஷ் டிராபி இறுதி நடந்தது. பெங்காலை பெனால்டியில் வென்று கேரளா 7-வது முறையாகக் கோப்பை எடுத்தது. அங்கே கேலரி பிதுங்கி வழிந்தது. சில நாள் வித்தியாசத்தில் ஒரே மாநிலத்துக்கு இரண்டு கோப்பை. டிக்கெட் வருமானம் கிளப்புக்கு வரவில்லை என்பதுதான் கொடுமை.

பெண்கள் அணியும் தாஷ்கண்ட் சோகமும்

கோகுலத்தைப் பற்றிப் பேசும் பலர் ஆண்கள் அணியோடு நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் அதிகம் சாதித்தது பெண்கள் அணிதான்.

2020 பிப்ரவரியில் இந்தியப் பெண்கள் லீக்கை முதல்முறை வென்றார்கள். நேபாளத்தின் சாபித்ரா பண்டாரி அடித்த கோலில் இறுதிப் போட்டி 3-2 என முடிந்தது. 2021 நவம்பரில் ஜோர்டானின் அகாபாவில் நடந்த ஆசியப் பெண்கள் கிளப் போட்டிக்குப் போனார்கள். உஸ்பெகிஸ்தானின் புன்யோத்கோரை 3-1 என வென்று திரும்பினார்கள். 2022-ல் புவனேஸ்வரத்தில் நடந்த லீக்கில் 11 ஆட்டம், 11 வெற்றி. பட்டத்தை முடிவு செய்த கடைசி ஆட்டத்தில் தோற்கடித்தது யாரை? மதுரையின் சேது எஃப்.சி.யை, 3-1 என.

அந்த வெற்றிதான் மறுபடி ஆசியப் போட்டிக்கு டிக்கெட். 2022 ஆகஸ்டில் அணி உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்டுக்குப் போய் இறங்கியது. அதே நேரத்தில் செய்தி வந்தது: அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பை ஃபிஃபா இடைநீக்கம் செய்துவிட்டது! கூட்டமைப்பின் நிர்வாகத்தில் வெளியார் தலையீடு என்பது காரணம். இந்திய அணி எதுவும் சர்வதேசப் போட்டியில் ஆடக்கூடாது. வீராங்கனைகள் ஹோட்டலில் காத்திருந்தார்கள். பிரதமருக்குக் கடிதம் எழுதினார்கள். நடக்கவில்லை. ஒரு ஆட்டம்கூட ஆடாமல் திரும்பினார்கள். தடை நீங்கியது ஆகஸ்ட் 26-ம் தேதி, அதற்குள் போட்டி கைவிட்டுப் போயிருந்தது. கிளப் செய்த தவறு இதில் ஒன்றுமே இல்லை. டெல்லியில் நடந்த பதவிச் சண்டைக்குக் கோழிக்கோட்டுக் கிளப் விலை கொடுத்தது.

சரி, நல்லதும் நடந்தது. அதே ஆகஸ்டில் கோகுலத்தில் இருந்து சைப்ரஸ் நாட்டின் அப்போலன் கிளப்புக்குப் போன மனிஷா கல்யாண், ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் இந்தியர் ஆனார். 2023-ல் கோகுலம் தொடர்ந்து மூன்றாவது முறை லீக் பட்டம் வென்றது. அந்த அணியில் கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்த இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் ஆடினார்கள்.

இரண்டு முறை சாம்பியன்.. ஏன் ஐ.எஸ்.எல். கிடைக்கவில்லை?

நேரம்தான் சதி செய்தது. 2019 அக்டோபரில் வியட்நாமின் டா நாங்கில் ஆசியக் கூட்டமைப்பு ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அதன்படி 2022-23 முதல் ஐ-லீக் சாம்பியன், பிரான்சைஸ் கட்டணம் இல்லாமல் ஐ.எஸ்.எல்.லுக்கு உயரலாம். கோகுலம் வென்றது 2020-21, 2021-22. விதி அமலுக்கு வந்த சீசனுக்கு முந்தைய சீசன்வரை அவர்கள்தான் சாம்பியன்! விதி வந்த முதல் ஆண்டில் ரவுண்ட்கிளாஸ் பஞ்சாப் முதலிடம் பிடித்து மேலே போனது. அடுத்த ஆண்டு முகமதன் ஸ்போர்ட்டிங். இரண்டு சீசனிலும் கோகுலம் 3-வது.

மேலே போக முடியாத கிளப்பில் வளர்ந்த வீரர்கள் மட்டும் மேலே போய்விடுவார்கள். முதல் பட்டம் வென்றதும் வின்சி பரெட்டோ கேரளா பிளாஸ்டர்ஸுக்குப் போனார், அங்கிருந்து சென்னையின் எஃப்.சி.க்கு. இரண்டாவது பட்டம் வென்றதும் ஜிதின் நார்த் ஈஸ்ட் யுனைடெட் போனார். இதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. ஆடுகிற காலம் குறைவு, பெரிய லீக்கில் சம்பளம் அதிகம். ஆனால் கிளப் ஒவ்வொரு ஆண்டும் அணியைக் கிட்டத்தட்ட முதலில் இருந்து கட்ட வேண்டியிருக்கிறது.

வீட்டுக்குள்ளேயே புதுப் போட்டி

2024 செப்டம்பரில் சூப்பர் லீக் கேரளா தொடங்கியது. காலிகட் எஃப்.சி., மலப்புறம் எஃப்.சி., கண்ணூர் வாரியர்ஸ், திருச்சூர் மேஜிக், ஃபோர்ஸா கொச்சி, திருவனந்தபுரம் கொம்பன்ஸ் என 6 அணிகள். கொச்சி அணியில் நடிகர் பிருத்விராஜ் பங்குதாரர். குறுகிய சீசன், மாநிலத்துக்குள்ளேயே பயணம், மாவட்டத்துக்கு மாவட்டம் மோதல். செவன்ஸின் ஊர்ப் பாசத்தை 11 பேர் ஆட்டத்துக்குக் கொண்டுவந்த மாதிரி. நவம்பர் 10 அன்று கோழிக்கோடு இ.எம்.எஸ். ஸ்டேடியத்தில் நடந்த இறுதியில் காலிகட் எஃப்.சி. 2-1 என கொச்சியை வென்றது. கேலரியில் பெரும் கூட்டம்.

அதே ஸ்டேடியம்தான் கோகுலத்துக்கும் சொந்த மைதானம். அதே ரசிகர், அதே உள்ளூர் ஸ்பான்சர். பக்கத்து மலப்புறத்துக்கும் இப்போது தனி அணி. மலபாருக்கு ஒரே கிளப் என்ற கோகுலத்தின் பெருமை 7 ஆண்டுகளில் பகிர்ந்துகொள்ள வேண்டியதாகிவிட்டது. வீரர்களுக்கு இது லாபம், ஆட இன்னும் சில இடங்கள் கிடைத்தன. கிளப்பின் கணக்குப் புத்தகத்துக்கு எப்படி என்பது வேறு கேள்வி.

கடைசியாக என்ன நிலை?

2024-25 ஐ-லீக் கடைசி நாள், 2025 ஏப்ரல் 6. இந்த முறை சொந்த ஊர், இ.எம்.எஸ். ஸ்டேடியம். கோவாவின் டெம்போவை வென்றால் பட்ட வாய்ப்பு உயிரோடு இருக்கும் என்ற நிலை. லெசோதோ வீரர் தபிசோ பிரவுன் ஹாட்ரிக் அடித்தார். ஆனாலும் 3-4 என்று தோல்வி.

அந்த சீசனின் சாம்பியன் யார் என்ற சண்டை, புள்ளிக் கணக்கு வழக்காகி, சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றம் வரை போனது. ஜூலையில்தான் இன்டர் காசி சாம்பியன் என்று தீர்ப்பு வந்தது. அதே ஜூலையில் இன்னொரு அறிவிப்பும் வந்தது. கூட்டமைப்புக்கும் லீக் நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் முடியப்போவதால் புதிய ஐ.எஸ்.எல். சீசன் நிறுத்திவைக்கப்படுகிறது என்று. 8 ஆண்டுகளாக கோகுலம் எட்டிப் பிடிக்கப் பார்த்த லீக், எப்போது தொடங்கும் என்றே தெரியாமல் அப்போது நின்றது.